மார்கழியில் கூடம் கழுவும் நேரம்

போன வாரம் நகராட்சிக் காப்பகத்துக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தீர்கள். வீடில்லாதவர்களை இரவில் தங்கவைக்கும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் நீங்கள். அதே வேலையை இந்தத் திருவள்ளூரில் சத்திரத்து மணியக்காரனாக இருந்து பார்த்து ஓய்ந்தவன் நான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தேன். "மார்கழிக் குளிரில் ஜனங்களைக் காப்பாற்றுவது எப்படி என்றால்" என்று ஆரம்பித்தேன். பின்வரிசையில் இருந்த ஒரு தம்பி, "திருவள்ளூர்ல இன்னா சார் குளிரு, இது இன்னா ஊட்டியா?" என்றார். எல்லோரும் சிரித்தீர்கள். எனக்கு வந்த எரிச்சலில் மீதியைப் பேசவில்லை. கொடுத்த காபியைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அதனால் இப்போது எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சிரிப்பதை மட்டும் முடித்துவிட்டுப் படியுங்கள்.

ஊட்டியில் குளிர் உண்டு என்று எல்லோருக்கும் தெரியும். அங்கே இல்லாதவனும் ஒரு கந்தல் கம்பளியையாவது தேடி வைத்திருப்பான். நம் ஊரில் குளிர் கிடையாது என்று எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் இங்கே யாரும் எதுவும் செய்வதில்லை. கார்த்திகை மழையில் நனைந்த வேட்டி, வயிற்றில் பாதிச் சாப்பாடு, அடியில் கருங்கல் தளம், மேலே விடியற்காலைப் பனி. இது நாலும் சேர்ந்தால் எந்த ஊராக இருந்தால் என்ன? நெஞ்சுச் சளி கட்டி மூச்சு நின்றுபோன ஆட்களை நான் தூக்கியிருக்கிறேன். மருத்துவமனையில் அதைக் குளிர் என்று எழுத மாட்டார்கள். மூச்சிளைப்பு என்று எழுதுவார்கள், வயோதிகம் என்று எழுதுவார்கள். குளிர் தப்பித்துப் போய்விடும்.

எங்கள் சத்திரம் ரயிலடிப் பக்கம் இருந்தது. உள்ளே அறைகள். அமாவாசைக்குப் பெருமாளைச் சேவிக்க வருகிறவர்கள் முதல் நாளே வந்து தங்குவார்கள், அவர்களுக்கு. வெளியே தெருவைப் பார்த்த முன்கூடம். மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் தூண்கள், தரை முழுக்கக் கருங்கல். மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் போக்கிடம் இல்லாதவர்கள் அந்தக் கூடத்தில் படுத்துக்கொள்ளலாம் என்று, எனக்கு முன்னாலேயே, மனசுள்ள ஓர் அதிகாரி வாய்ச்சொல்லாக அனுமதி கொடுத்திருந்தார். அதைப் பார்த்துக்கொள்வதும் என் வேலையாக இருந்தது.

இந்த வேலையில் எனக்கு முதலில் ஆத்திரம் வந்தது கம்பளியின் மேல்தான். கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கியிருந்த காலம். அதில் ஒரு கம்பெனியின் சங்கத்துக்காரர்கள் மார்கழி பிறந்தால் வேனில் வருவார்கள். வரிசையாக நிற்கவைத்துக் கம்பளி கொடுப்பார்கள், படம் பிடிப்பார்கள், போய்விடுவார்கள். நல்ல மனசுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கம்பளியை ஜனங்கள் மேலே போர்த்துக்கொண்டு ஈரக் கல்லில் படுப்பார்கள். கல் கீழேயிருந்து உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். மேலே பத்துக் கம்பளி போட்டாலும் அது நிற்காது. "கம்பளிக்குப் பதிலா சாக்கும் வைக்கோலும் குடுங்கய்யா" என்று கேட்டேன். சங்கத்துச் செயலாளர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சாக்கு குடுக்கிற மாதிரி போட்டோ எடுத்தா நல்லாவா இருக்கும்?" என்றார். எதிரில் இருந்த அரிசி ஆலையில் கெஞ்சிக் கிழிந்த சாக்குகளை வாங்கி, இரண்டு சாக்குக்கு நடுவே வைக்கோலை அடைத்துத் தைத்துப் போட்டேன்.

அப்படியும் ஒரு தொல்லை தீரவில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

மார்கழி மாதம் விடியும் முன்னால் எங்கள் தெரு பஜனை கோஷ்டி பாடிக்கொண்டு வரும். நானும் அந்தக் கோஷ்டியில் ஒருவன்தான், பெருமாள் படத்துக்கு முன்னால் விளக்கு ஏந்துகிறவன். சத்திரத்து முன்கூடத்தில் படத்தை இறக்கிவைத்து, பாடி, தீபம் காட்டி, வெண்பொங்கல் கொடுப்பது தலைமுறை வழக்கம். பெருமாள் இறங்குகிற இடம் ஆயிற்றே, அதனால் கோஷ்டி வருவதற்கு முன்னாலேயே பெண்கள் வந்து கிணற்றில் தண்ணீர் இறைத்துக் கூடத்தை அலசிக் கழுவிக் கோலம் போடுவார்கள். கழுவுகிறார்கள் என்றால் படுத்திருப்பவர்கள் எழுந்து போக வேண்டும். எப்போது? பனி இறங்கும் நேரத்தில். ராத்திரி முழுக்கக் காப்பாற்றி வைத்த ஆட்களை, குளிர் கடுமையாகும் நேரம் பார்த்துத் தெருவில் விடுகிறோம். கோஷ்டி போன பிறகு திரும்பி வந்தால் தரை ஈரம்.

போகிறவர்கள் எங்கே போவார்கள்? அரிசி ஆலைக்குத்தான். ஆலைக்குப் பின்னால் உமி எரித்த சாம்பலை மேடாகக் கொட்டியிருப்பார்கள். மேலே பார்த்தால் ஆறிப்போன சாம்பல். உள்ளே கனல். அதன் ஓரத்தில் சாய்ந்து குளிர் காய்வார்கள். தூங்கிவிட்டால் சரிந்து உள்ளே போவார்கள்.

ஒரு வருடம் எங்கள் கூடத்தில் அண்ணனும் தங்கையுமாக இரண்டு பேர் இருந்தார்கள். ஆர்.கே.பேட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அண்ணன் ஏகாம்பரம். மாட்டுவண்டி ஓட்டினவர். மாடுகள் செத்து, பிழைப்புப் போய், இளைப்பு நோயும் வந்து சேர்ந்தது. தங்கை தனபாக்கியம் ஆலை முற்றத்தில் சிந்திய நொய்யைக் கூட்டிப் பொறுக்கி அண்ணனுக்குக் கஞ்சி காய்ச்சுவாள். வாய் மட்டும் அந்த அம்மாளுக்குக் குறைவில்லாமல் கொடுத்திருந்தார் ஆண்டவன்.

மார்கழி பிறந்த சில நாட்களிலேயே ஏகாம்பரத்தை நான்தான் ரிக்‌ஷாவில் போட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கொஞ்ச நாள் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். அனுப்பும்போது டாக்டர் என்னிடம், "மருந்து குடுத்துட்டேன். இனிமே ஒரு தரம் பனி பட்டு இதே மாதிரி கொண்டாந்தீங்கன்னா என் கையில ஒண்ணும் இல்ல" என்றார். தனபாக்கியம் பக்கத்தில்தான் நின்றாள். வெளியே வந்ததும், "பனி படாம இருக்கணுமாம் நைனா. இன்னா பண்றது, பெட்டியில வச்சுப் பூட்டிடலாமா?" என்றாள்.

மறுநாளே கூடம் கழுவுகிற நேரத்தில் அண்ணனை எழுப்பி நடத்திக்கொண்டு சாம்பல் மேட்டுக்குப் போயிருக்கிறாள். அவர் அசந்து சரிந்திருக்கிறார். தர்மக் கம்பளியின் முனை கனலில் பட்டுப் புகைந்து, வேட்டி ஓரமும் கருகிவிட்டது. ஆலைக் காவல்காரர் பார்த்து இழுத்துப் போட்டதால் உடம்புக்கு ஒன்றும் இல்லை. காவல்காரர் என்னிடம் வந்து, "மணியக்காரரே, உங்க ஆளுங்கள எங்க மேட்டுல மேய வுடாதீங்க. வெந்துட்டாங்கன்னா மொதலாளி என்னதான் கேப்பாரு" என்று சத்தம் போட்டார். இதற்கு மேல் ஒன்று. கம்பளி எரிந்த சேதி எப்படியோ சங்கத்துச் செயலாளர் காதுக்கு எட்டிவிட்டது. "குடுத்ததைக் கொளுத்திக் குளிர் காயறாங்களாமே, இவங்களுக்கெல்லாம் குடுத்து என்ன பிரயோஜனம்?" என்று சொல்லி அனுப்பினார். நான் சத்திரத்துக் கதவை ஓங்கிச் சாத்தினேன். கதவு என்ன பாவம் செய்தது.

நகராட்சி ஆபீசில் சுகாதார அதிகாரியைப் பார்த்துச் சொன்னேன். அவர் பேனாவை மூடினார். "இது சாமி விஷயம். நான் கை வச்சேன்னா நாளைக்கே மனு வரும். நீங்களே பேசித் தீர்த்துக்குங்க" என்றார். நான் வாசல் வரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டு, "ஆனா, அந்த ஆளு சாம்பல்ல விழுந்து செத்தா உங்களைத்தான் கேப்பேன்" என்றார். நீங்களும் இப்படிப்பட்ட அதிகாரிகளைப் பார்ப்பீர்கள். அவர்களோடு சண்டை போட்டுக் காலத்தைக் கழிக்காதீர்கள். பனி உங்களுக்காகக் காத்திருக்காது.

மிச்சம் இருந்தது கோஷ்டித் தலைவர். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், ஊருக்கே வாத்தியார். என்னை எட்டாம் வகுப்பில் இரண்டு தடவை உட்காரவைத்த அதே வாத்தியார். நாற்பது வயசுக்கு மேல் ஆகியும் அவர் எதிரில் நின்றால் எனக்குக் கை தானாகக் கட்டிக்கொள்ளும்.

"சார், மார்கழி முடியற வரைக்கும் கூடத்தை மத்தியானமே கழுவி வச்சிடறேன். நீங்க வரும்போது காஞ்சு சுத்தமா இருக்கும்."

"ராத்திரியெல்லாம் அதுல ஆளுங்க பொரள்றாங்க. அப்புறம் அது எப்படிப்பா சுத்தம்?"

"பாதிக் கூடம் அவங்களுக்கு, பாதி பெருமாளுக்கு சார். தெருப்பக்கம் நாம வச்சுக்கலாம். அந்தப் பக்கம் யாரையும் படுக்க விடமாட்டேன்."

"அவங்க இன்னா ஜனமோ, ஏது ஜனமோ. குளிக்காத ஆளுங்க படுத்துக் கெடக்கச்சே பக்கத்துல படத்தை எறக்கச் சொல்றியா?"

"ஒருத்தருக்கு நெஞ்சுல சளி சார். பனி பட்டா செத்துப் போயிடுவாருன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"கோயில் குளத்து மண்டபத்துல போய்ப் படுக்கட்டும்."

"அங்க நாலு பக்கமும் பனி எறங்குது சார்."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உன்ன ரெண்டு தரம் உக்கார வச்சது தப்பே இல்லப்பா" என்றார். அவ்வளவுதான், உள்ளே போய்விட்டார்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. நானும் பெருமாளைச் சேவிக்கிறவன். கூடம் ஈரமாக இருந்தால்தான் இறங்குவேன் என்று பெருமாள் என்னிடம் சொன்னதில்லை. மறுநாள் முதல் தண்ணீர் ஊற்ற விடுவதில்லை என்று முடிவு செய்தேன். சத்திரத்துக்கு வந்து கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன். சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தேன்.

தனபாக்கியம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எழுந்தாள். "நீ நல்லா இருப்பே நைனா. கோஷ்டிய வெரட்டிட்டா பொங்கல் ஆரு குடுப்பா? உங்க ஊட்லேர்ந்து கொண்டாருவியா?"

"நான் எங்க வெரட்டறேன்? உங்க அண்ணன் நெஞ்சுக்காகத்தானே சண்டைக்கு நிக்கறேன்?"

"நெஞ்சுக்குப் பொங்கல் வோணாமா?"

மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். "ஆமாங்க, மார்கழி முச்சூடும் அதான் எங்களுக்கு நாஷ்டா" என்றார் ஒருவர். தூணில் சாய்ந்திருந்த ஏகாம்பரம் இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டே, "அவ சொல்றது சரிதான் மணியக்காரரே. மெளகு போட்டு சூடா ஒரு பிடி உள்ள போனாத்தான் இந்தச் சளி எளகுது" என்றார்.

யாருக்காகச் சண்டை போடுகிறோமோ அவர்களே நம்மோடு சண்டைக்கு வருவார்கள். இதைக் கேட்டு, நன்றி கெட்டவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பசிக்கிறவனுக்குப் பொங்கலும் வேண்டும், வெறும் தரையில் படுப்பவனுக்கு ஈரமில்லாத தரையும் வேண்டும். இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள் என்று சொல்ல நாம் யார்? ஆனால் அன்றைக்கு எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. "என்னமோ பேஜாரு பண்ணுங்க" என்று கத்திவிட்டு, தெருப்பக்கத்துப் பாதியை நானே தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவினேன். மத்தியான வெயிலில் சீக்கிரம் காய்ந்தது. சாக்குப் படுக்கைகளை எல்லாம் உள்பக்கத்துப் பாதிக்கு இழுத்துப் போட்டேன். ஏகாம்பரத்தின் படுக்கையை மூலையில், இரண்டு சுவர் சேரும் இடத்தில் போட்டேன்.

விடியற்காலையில் நான் விளக்கு ஏந்தப் போகவில்லை. சத்திரத்து வாசலிலேயே நின்றேன். பனி அப்படி. ரயிலடி விளக்கு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. பெண்கள் முதலில் வந்தார்கள். வாத்தியாரின் மனைவி வாத்தியாரம்மா தலைமையில் நாலைந்து பேர், ஆளுக்கு ஒரு குடம். கிணற்றில் இறைத்துக்கொண்டு நேராகக் கூடத்துக்கு வந்தார்கள். நான் குறுக்கே நின்று, தண்ணீர் வேண்டாம், கோலம் மட்டும் போடுங்கள் என்றேன். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே கோஷ்டியும் வந்து சேர்ந்துவிட்டது. ஜால்ரா நின்றது. வாத்தியார் கழுத்தைச் சுற்றி மப்ளர், காதை மூடிக் கம்பளித் துணி, காலில் உறை. அதைப் பார்த்ததும் எனக்குக் கை கட்டவே தோன்றவில்லை.

"நகருப்பா."

"மாட்டேன் சார்."

"படத்தைத் தோள்ல வச்சுக்கினு நிக்கறாங்க. நகரு."

"ஊத்தறதுன்னா எம்மேல ஊத்திட்டு அப்புறம் தரையில ஊத்தச் சொல்லுங்க" என்று வேட்டியை மடித்துக் கட்டி, குறுக்கே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நியாயமாகப் பேசிப் புரியவைப்பதற்கு எவ்வளவோ யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை. நெருக்கடியில் பேச்சு வராவிட்டால் உட்கார்ந்துவிடுங்கள். அதுவும் ஒரு வழிதான்.

வாத்தியாருக்கு முகம் சிவந்தது. "ஊத்துங்கம்மா" என்றார் பெண்களைப் பார்த்து.

வாத்தியாரம்மா குடத்தோடு இரண்டு அடி வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். மூலையில் ஏகாம்பரம் படுத்திருந்தார். இளைப்புக்காரர்களால் படுக்க முடியாது, சாய்ந்து உட்கார்ந்தேதான் ராத்திரியைக் கழிப்பார்கள். அவர் அன்று சரிந்து, சாக்கில் கன்னம் வைத்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். தலைமாட்டில் தனபாக்கியம் விழித்து உட்கார்ந்திருந்தாள். அத்தனை வாய் பேசுகிறவள், குரலே எழும்பாமல், "ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த நாள்லேர்ந்து ராத்திரியில கண்ணு மூடலம்மா. இப்பத்தான் தூங்குது. எழுப்பாதீங்கம்மா" என்றாள்.

வாத்தியாரம்மா குடத்தைக் கீழே வைத்தார். வாத்தியாரிடம் திரும்பினார்.

"நீங்க நம்ம ஊட்டுக் கூடத்துல படுத்துக்கினு இருக்கச்சே, காலையில சாமி ரூமுக்குப் போறதுக்கு உங்க மேல தண்ணி ஊத்தியா எழுப்பறேன்?"

கோஷ்டியில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

"அது வேற, இது வேற" என்றார் வாத்தியார்.

"இன்னா வேற? துளசித் தீர்த்தம் இருக்குது இல்ல? தெளிச்சா சுத்தம் ஆவாதா? மழை ஊத்தற அன்னிக்குத் தெளிச்சுட்டுத்தானே எறக்கறீங்க, அன்னிக்கு மட்டும் பெருமாளுக்குத் தீட்டு தெரியாதா?" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல், குடத்துத் தண்ணீரில் பூஜைத் தட்டிலிருந்த துளசியைப் போட்டு, இலையாலேயே எடுத்துக் காய்ந்த பாதியில் நாலு துளி தெளித்தார். கோலமாவுக் கிண்ணத்தைக் கையில் எடுத்து உட்கார்ந்துவிட்டார். "எழுந்திருப்பா, கோலத்து மேலேயே உக்காந்துக்கினு இருக்கே" என்று எனக்கும் ஓர் அதட்டல். எழுந்தேன்.

வாத்தியாருக்கு வேறு வழி இல்லை. படம் இறங்கியது. ஜால்ரா போடுகிறவர் வழக்கம் போல ஓங்கித் தட்டினார். பெருமாளைத் துயில் எழுப்பும் பாட்டு, ஓங்கித்தானே பாட வேண்டும். வாத்தியார் பாடிக்கொண்டே மூலையை ஒரு தடவை பார்த்தார். பாட்டை நிறுத்தாமலே, ஜால்ராவைப் பார்த்துக் கையைக் கீழே கீழே என்று காட்டினார். ஜால்ரா இறங்கியது. அவர் குரலும் இறங்கியது. மற்றவர்களும் இறக்கினார்கள். எழுந்தருள வேண்டும் என்று அத்தனை பேரும் முணுமுணுப்பாகப் பாடியதை அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தீபம் காட்டியது சரியாகத் தெரியவில்லை.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். மறுநாளும் வாத்தியார் குறை சொன்னார். சங்கத்துக்காரர்கள் அடுத்த வருடமும் கம்பளிதான் கொண்டுவந்தார்கள். சுகாதார அதிகாரி மாற்றலாகிப் போனார். வந்தவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் மார்கழியில் பொழுது விடியும் முன்னால் அந்தக் கூடத்தில் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. அந்த மார்கழியையும் தையையும் ஏகாம்பரத்தின் நெஞ்சு தாங்கியது. மாசி வெயிலில் ஆலை வாசலில் உட்கார்ந்து நொய் புடைக்கும் அளவுக்குத் தேறினார்.

உங்கள் காப்பகத்தில் கட்டில் இருக்கிறது, மெத்தை இருக்கிறது, பெருமாள் புண்ணியத்தில் நல்ல கூரை இருக்கிறது. ஆனால் பினாயில் போட்டுத் துடைப்பதற்காக விடியும் முன்னால் எல்லோரையும் வெளியே அனுப்புகிறீர்களாமே. அன்று காபி குடிக்கும்போது கேட்டதற்கு, "மேலிடத்து உத்தரவு சார்" என்று ஒரு பெண் சொன்னாள். மேலிடம் மப்ளர் கட்டிக்கொண்டு தூங்குகிறது அம்மா. நீங்கள் வெயில் வந்த பிறகு துடையுங்கள். யாராவது கேட்டால் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள். அவர்கள் வந்து என்னை எட்டாம் வகுப்பில் உட்காரவைக்கட்டும்.

அன்றைக்கு ஏகாம்பரம் எழுந்தது, வெயில் கூடத்தில் பாதி வரை வந்த பிறகுதான். கோஷ்டி போய் எவ்வளவோ நேரம் ஆகியிருந்தது. எழுந்து உட்கார்ந்து, தெருவைப் பார்த்து, கோலத்தைப் பார்த்து, பதறிப்போய்த் தங்கையின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"ஏ தனபாக்கியம், பஜனை வந்துட்டுப் போயிடுச்சா? என்ன ஏன் எழுப்பல? பொங்கல் போச்சே?"

"எழுப்பினா எழுப்பினேம்பே, எழுப்பலன்னா எழுப்பலம்பே" என்று தனபாக்கியம் சிடுசிடுத்துக்கொண்டே, மடியில் முந்தானைக்கு அடியில் சூடு போகாமல் பொத்தி வைத்திருந்த இலைப் பொட்டலத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள்.